வெள்ளைப் பெட்டைக்கு ஒரு சம்பந்தம்

எங்கள் வீட்டில் மூன்று தலைமுறைப் பெயர்களை வரிசையாக எழுதிய தாள் என்று ஒன்று வந்தது நாய்க்குத்தான். தகப்பன், தாய், இரண்டு பக்கத்துத் தாத்தா பாட்டி, அவர்களைப் பெற்றவர்கள் என்று பதினான்கு பேர் கிளைகிளையாகப் பிரிந்து நின்றார்கள். என் வீட்டுக்காரர் அதை டியூப்லைட்டுக்கு நேராகப் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

“எங்கப்பாவோட தாத்தா பேரு எங்கப்பாவுக்கே தெரியாது. இவளுக்குக் கொள்ளுப்பாட்டி பேரு வரைக்கும் இருக்கு பாரு” என்றார்.

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். விக்கிரமங்கலம் பக்கம் அடுத்தவர் நிலத்தில் நடவும் அறுப்புமாகக் காலம் தள்ளிய குடும்பம் அவருடையது. பெயரை எழுதி வைக்க அங்கே யாருக்கும் நேரமும் இல்லை, எழுத்தும் இல்லை. அவர் ஐடிஐ படித்து, ரெட்டிபாளையம் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில் எலக்ட்ரீஷியனாகச் சேர்ந்தவர். நான் ஏலாக்குறிச்சிக்காரி, தொடக்கப்பள்ளி ஆசிரியை. ஆலைக்குப் பக்கத்துக் கிராமத்தில் ஒரு ஓட்டு வீடு வாங்கி இருபது வருடத்துக்கு மேல் இருந்தோம். அவர் ஓய்வு பெற்ற பிறகு இப்போது பெரம்பலூரில் வாடகைக்கு இருக்கிறோம்.

பெரம்பலூரில் சாயங்காலம் ஆனால் நாய்களின் ஊர்வலம்தான். எதிர் வீட்டில் பனிநாட்டு நாய் ஒன்று இருக்கிறது. உடம்பு முழுக்க ஒரு சாண் ரோமம். கத்திரி வெயிலில் கம்பளிக் கோட்டு போட்டு நிற்க வைத்த மாப்பிள்ளை போல நாக்கைத் தள்ளிக்கொண்டு நிற்கும். “ஏம்ப்பா, இந்த ஊர் வெயிலுக்கு இது தாங்குமா?” என்று ஒரு நாள் கேட்டுவிட்டேன். “பேப்பர் இருக்கு மேடம், ஒரிஜினல்” என்றான் அதைப் பிடித்துக்கொண்டு நின்ற பையன். பேப்பர் இருந்தால் வெயில் அடிக்காதா? பள்ளிக்கூடத்தில் இருந்த பழக்கம், வாய் சும்மா இருக்காது. வீட்டுக்காரர் என் முழங்கையைத் தொட்டு உள்ளே கூட்டிவந்தார். அன்று சாயங்காலம் முழுக்க எங்கள் வெள்ளைப் பெட்டையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.

அவள் போய்ச் சேர்ந்து சில வருடங்கள் ஆகின்றன. அவளுக்கு ஒரு பெயர் வைத்திருந்தோம். அது எங்களோடு இருக்கட்டும். இங்கே பெட்டை என்றே சொல்கிறேன்.

எனக்கு நாய் பிடிக்காது. பிடிக்காது என்றால், வீட்டுக்குள் பிடிக்காது. தெருவில் இருந்தால் மிச்சச் சோறு போடுவேன், அவ்வளவுதான். அவர்தான் பைத்தியம். அதுவும் ராஜபாளையம் நாய் மேல். எங்கேயோ ஒரு பண்ணை வீட்டு வாசலில் வெள்ளை நாய் ஒன்று நிற்பதை இளவயதில் பார்த்திருக்கிறார். தன் வாசலிலும் அப்படி ஒன்று நிற்க வேண்டும் என்று அன்றே முடிவு கட்டிவிட்டார். கல்யாணம் ஆன புதிதில் சொன்னார், நான் கண்டுகொள்ளவில்லை. பிள்ளை பிறந்தால் மறந்துவிடுவார் என்று நினைத்தேன்.

பிள்ளை பிறக்கவில்லை. திருச்சி ஆஸ்பத்திரி, தஞ்சாவூர் ஆஸ்பத்திரி எல்லாம் ஏறி இறங்கியாயிற்று. ஏலாக்குறிச்சி மாதா கோயிலில் முழங்கால் தேய நடந்தும் பார்த்தேன். ஒரு கட்டத்தில் இருவரும் அந்தப் பேச்சையே விட்டுவிட்டோம். விட்டது நாங்கள்தான், ஊர் விடவில்லை. ஒரு விசேஷத்துக்குப் போனால் நான்கு பேராவது கேட்பார்கள். நான் வெடுக்கென்று எதையாவது சொல்லிவிடுவேன். அவர் எழுந்து பந்தல் பக்கம் போய் மைக்செட் ஒயரைப் பார்ப்பது போல நின்றுகொள்வார். அதைப் பற்றி அவர் என்ன நினைக்கிறார் என்று அப்போது எனக்குத் தெரியாது. வருந்துகிறாரா, என் மேல் குறைபட்டுக்கொள்கிறாரா, ஒன்றும் தெரியாது. கேட்கிற தைரியமும் எனக்கு இல்லை.

அப்படியிருக்கும்போதுதான் ஒரு நாள் காலையில் ஒயர் கூடையில் குட்டியோடு வந்து இறங்கினார். சும்மா வாங்கிவரவில்லை. முறையாக இனவிருத்தி செய்கிற ஒருவரை விசாரித்து, போனில் பேசி, இரண்டு மாதம் தாய்ப்பால் குடித்து முடிக்கும் வரை காத்திருந்து, ராஜபாளையம் வரை பஸ்ஸில் போய் வாங்கிவந்திருந்தார். அந்த மனிதர் இவரிடம் கேட்ட கேள்வியெல்லாம் பெண் கொடுக்கிறவர் கேட்பது போலத்தான். சுற்றுச்சுவர் இருக்கிறதா, பகலில் வீட்டில் யார் இருப்பார்கள், சங்கிலியில் கட்டிப்போடுவீர்களா என்றெல்லாம். குட்டியின் கழுத்துத் தோலுக்கு அடியில் அரிசி அளவு சிப் ஒன்றை வைத்திருந்தார்கள். அதில் ஒரு எண். அந்த எண்ணுக்குத்தான் மூன்று தலைமுறைத் தாள்.

“கண்ணு எப்படி இருக்கணும், காலு எப்படி இருக்கணும்னு எல்லாம் எழுதியே வச்சிருக்காங்க. கேளு” என்று இன்னொரு காகிதத்தை எடுத்துப் படித்தார். ரோமம் பால் வெள்ளை. மூக்கு ரோஸ் நிறம். கண் பொன் நிறம். நெஞ்சு ஆழம், வயிறு ஒட்டல். வால் அரிவாள் போல லேசாக வளைந்திருக்க வேண்டும்.

“என்னைப் பொண்ணு பாக்க வந்தப்ப இவ்வளவு பாத்தீங்களா?”

“உன்னை எங்க பாக்க விட்டாங்க? உங்க சித்தப்பாதான் முன்னால உக்காந்திருந்தாரு.”

குட்டியைக் கையில் வாங்கினேன். ரோஸ் மூக்கு ஈரமாக என் மணிக்கட்டில் பட்டது. வீட்டுக்குள் வரக்கூடாது என்று நான் போட்ட சட்டம் அன்று மதியம் வரைக்கும்தான் நின்றது.

மதியம் என்றதும் எங்கள் ஊர் மதியத்தைச் சொல்லியாக வேண்டும். ஊரை ஒட்டி, ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் தோண்டுகிற மைன்ஸ். சாப்பாட்டு நேரம் கழிந்ததும் சங்கு ஊதும். ஊரில் யாரும் அதை சைரன் என்று சொல்வதில்லை, சங்குதான். சங்கு கேட்டால் ஒவ்வொரு வீட்டிலும் பெண்கள் எழுந்து அலமாரியில் விளிம்பில் இருக்கிற பாத்திரங்களை இறக்கித் தரையில் வைப்போம். சற்று நேரத்தில் வெடி. தரை ஒரு உலுக்கு உலுக்கும். பிறகு பாத்திரங்களை எடுத்து மேலே அடுக்குவோம். வெளியூர்க்காரர்கள் பார்த்தால் சிரிப்பார்கள். எங்களுக்கு அது உலை வைப்பது போல ஒரு வேலை.

அந்த வெடிக்கு ஊரில் இன்னொரு உபயோகமும் இருந்தது. பச்சைப்பிள்ளை பிறந்து வீட்டுக்கு வந்தால், வெடிக்குத் திடுக்கிடுகிறதா என்று பார்ப்பார்கள். தொட்டிலில் போடாமல் தரையில் பாய் விரித்துப் படுக்க வைத்திருப்பார்கள். கை காலை உதறினால், “காது நல்லா கேக்குது புள்ளைக்கு” என்று எல்லோருக்கும் சந்தோஷம். டாக்டர் சொன்னால்கூட ஒரு சந்தேகம் இருக்கும், வெடி சொன்னால் கிடையாது.

குட்டி வந்த முதல் நாள் வெடி வெடித்தபோது, கூடத்தில் தூங்கிக்கொண்டிருந்தவள் துள்ளி எழுந்து நான்கு காலையும் அகட்டி நின்றாள். பக்கத்து வீட்டு அக்கா வாசலில் நின்று பார்த்துவிட்டு, “யம்மாடி, என்னா காது! ஜாதி நாய்னா ஜாதி நாய்தான்” என்றார். அவருக்கு மட்டும் அல்ல, எங்களுக்கும் அதில் பெருமை.

ஆறேழு மாதத்தில் வளர்ந்து ஆளானாள். என்ன அழகு! எங்கள் ஊர் வேப்பமரத்தில் இருந்து கோயில் கோபுரம் வரை எல்லாவற்றின் மேலும் சாம்பல் தூசி படிந்திருக்கும். அதற்கு நடுவில் அவள் மட்டும் துவைத்து வைத்தது போல நிற்பாள். ஆனால் எனக்கு மட்டும் அடங்கமாட்டாள். முப்பது பிள்ளைகளை ஒரு சத்தத்தில் உட்கார வைக்கிற தொண்டை என்னுடையது. நான் தெருமுனை வரை கேட்கக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்க மாட்டாள். அவர் வாசலில் நின்று கையை ஒரு முறை அசைத்தால் போதும், எங்கிருந்தாலும் ஓடி வந்து காலடியில் உட்காருவாள்.

“ஜாதி நாய் அப்படித்தான் டீச்சர். கண்டவங்க கூப்புட்டா வராது” என்பார் என் வீட்டுக்காரர்.

“நான் கண்டவளா?”

“எஜமான் ஒருத்தன்தான்னு அதுக்குத் தெரியும். புத்தகத்துலேயே போட்டிருக்கான்.”

எனக்குக் கோபமாக வரும். சோறு ஆக்கிப் போடுவது நான், வாலாட்டுவது அவருக்கு. ஊரில் எல்லோரும் அவளுடைய மிடுக்கைப் பற்றித்தான் பேசினார்கள். பட்டாசு வெடித்தால் தெருநாய்கள் வாலைச் சுருட்டிக்கொண்டு ஓடும், இவள் அசையாமல் படுத்திருப்பாள். என்ன நெஞ்சழுத்தம் என்று வியந்தார்கள். நாங்களும் ஆமாம் ஆமாம் என்றோம்.

அவருடைய கைச்சாடையைப் பற்றியும் சொல்ல வேண்டும். கல் அரைக்கிற மில்லுக்குப் பக்கத்தில் நின்றால் தன் குரல் தனக்கே கேட்காது. அங்கே வேலை பார்க்கிறவர்கள் எல்லாம் கையால்தான் பேசிக்கொள்வார்கள். முஷ்டியைத் திருகினால் ஸ்விட்சை அணை. உள்ளங்கையைத் தரைக்குக் காட்டினால் பொறு. இரண்டு விரலை மடக்கினால் கிட்டே வா. அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. தண்ணீர் வேண்டுமானால் கட்டைவிரலை வாய்க்குக் காட்டுவார். “வாயில என்ன கொழுக்கட்டையா?” என்று நான் கேட்பேன். நாயிடமும் அதே சாடைதான். வாயைத் திறந்து பேசினால் மட்டும் ஊருக்கே கேட்கும்படி பேசுவார். மில்காரர்கள் எல்லோருக்கும் அதுதான் குரல்.

அவளுக்கு ஒன்றரை வயது இருக்கும்போது பெரம்பலூரில் ஒரு பள்ளி மைதானத்தில் நாட்டு நாய்களுக்கான கண்காட்சி நடந்தது. லோடு ஆட்டோ பிடித்துப் போனோம். நடுவராக வந்தவர் அவளுடைய பல்லைப் பார்த்தார், தோளைத் தடவினார், உயரம் அளந்தார், ஓடவிட்டுப் பார்த்தார். மைக்கில், “இந்த இனத்துக்கு எழுதி வச்ச இலக்கணம் அப்படியே இருக்கு” என்றார். ஒரு கோப்பையும் கொடுத்தார்கள். என் வீட்டுக்காரர் அதை வாங்கிக்கொண்டு நின்ற நிற்பை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பிறகும் பார்த்ததில்லை. சட்டையின் மேல் பட்டனைப் போட்டுக்கொண்டார்.

அங்கேதான் பெரம்பலூர்க்காரரைப் பார்த்தோம். பஸ் ஸ்டாண்டு பக்கம் டிராக்டர் உதிரிபாகக் கடை வைத்திருந்தார். அவரிடம் பதிவு செய்த ஆண் நாய் ஒன்று இருந்தது. நல்ல மனிதர், வாயும் நல்ல வாய். இரண்டு தாள்களையும் மேசை மேல் விரித்து வைத்து, அவரும் இவரும் விரலால் தொட்டுத் தொட்டு உறவுமுறை பார்த்தார்கள். பொதுவில் யாராவது இருந்தால் சேர்க்கக் கூடாது, குட்டிகளுக்குக் குறை வரும். நம் மக்கள் பங்காளியா மாமனா என்று பார்ப்பதைவிடச் சுத்தமாகப் பார்த்தார்கள். எந்தக் கிளையிலும் ஒட்டு இல்லை என்று தெரிந்ததும் பெரம்பலூர்க்காரர் கையை நீட்டி, “அப்புறம் என்னங்க, இனிமே நீங்க எனக்குச் சம்பந்தி” என்றார்.

அவளுக்கு இரண்டு வயது முடியட்டும், முதல் இரண்டு பருவத்தை விட்டுவிடலாம் என்று பேச்சு. உடம்பு முற்றாமல் குட்டி போடவிடக் கூடாது. பதிவுக்காரர்களும் அதைத்தான் சொல்கிறார்களாம். குட்டிகள் பிறந்தால் முதலில் தேர்ந்தெடுக்கிற உரிமை சம்பந்திக்கு. மற்றதை முறையாகப் பதிவு செய்து நல்ல கைகளுக்குக் கொடுப்பது. அவளைப் பார்த்தவர்கள் எல்லாம் இப்போதே எனக்கு ஒன்று எனக்கு ஒன்று என்று சொல்லி வைத்திருந்தார்கள்.

இவர் மரப்பலகை வாங்கிவந்து பிரசவப் பெட்டி செய்தார். நான்கு பக்கமும் உள்ளே ஒரு சாண் உயரத்தில் சட்டம் அடித்தார். தாய் சாய்ந்து படுக்கும்போது குட்டி நசுங்காமல் அந்தச் சட்டத்துக்கு அடியில் ஒதுங்கிக்கொள்ளுமாம். உப்புத்தாள் போட்டு அவர் இழைத்த இழைப்பில் பலகை கன்னம் போல ஆகிவிட்டது. கொண்டுபோய் எங்கள் பின் அறையில் வைத்தார். கல்யாணம் ஆன புதிதில் கட்டிய அறை அது. வெங்காயமும் பழைய பேப்பரும்தான் அதில் கிடந்தன. அதையெல்லாம் எடுத்து வெளியே போட்டு, சுண்ணாம்பு அடித்து, சுவரில் ஒரு குண்டு பல்பும் மாட்டினார்.

“எதுக்கு இவ்வளவு?” என்றேன்.

“இந்த வூட்ல ஒரு பிரசவம் நடக்கட்டுமே” என்றார்.

சாதாரணமாகத்தான் சொன்னார். பிரஷ்ஷைக் கழுவிக்கொண்டே சொன்னார். நான் வெளியே கிடந்த வெங்காயத்தைப் பொறுக்கக் குனிந்துகொண்டேன். அவர் வேண்டுமென்றே சொல்லவில்லை என்று தெரியும். அன்றிலிருந்து அவளுக்குக் குட்டி பிறக்க வேண்டும் என்று அவரைவிட நான்தான் அதிகம் ஆசைப்பட்டேன். அவருக்கு அந்த ஒரு சந்தோஷமாவது இந்த வீட்டில் கிடைக்கட்டும் என்று நினைத்தேன்.

ஆயுத பூஜை சமயத்தில் அவள் மூன்றாம் பருவத்துக்கு வந்தாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று சம்பந்தி சொல்லிவிட்டார். ஆயுத பூஜை அன்று மைன்ஸுக்கு விடுமுறை, வெடி கிடையாது. இவரை மட்டும் கூப்பிட்டிருந்தார்கள். பழைய சங்கு பழுதாகி அன்றுதான் புதிதாக ஒன்றை மாட்டியிருந்தார்கள். ஒயரிங் பார்த்து ஊதிக் காட்ட வேண்டும்.

நான் வீட்டில் சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று சங்கு ஊதியது. பழையதைவிட இரண்டு மடங்கு சத்தம். விடுமுறை என்பதை மறந்து, கைப்பழக்கத்தில் பாத்திரங்களை இறக்கி வைத்துவிட்டு நின்றேன். வெடி வரவில்லை. புதுச் சத்தம் பொறுக்காமல் தெருவில் இருந்த அத்தனை நாய்களும் மூக்கைத் தூக்கி ஊளையிட்டன. மேலத்தெரு நாய்கள் வரைக்கும் சேர்ந்துகொண்டன. காதைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு வந்தேன்.

வாசல்படியில் எங்கள் பெட்டை இளம் வெயிலில் நீட்டிப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். வயிறு சீராக ஏறி இறங்கியது. காது மடல்கூட அசையவில்லை.

சங்கு நின்றது, மறுபடி ஊதியது. அவள் தூங்கினாள். எனக்குச் சந்தேகம் தட்டியது. உள்ளே போய் எவர்சில்வர் தட்டும் கரண்டியும் எடுத்துவந்தேன். அவள் தலைக்குப் பின்னால் ஒரு முழம் தள்ளி அந்தரத்தில் பிடித்து அடித்தேன். ஒன்றும் இல்லை. இன்னும் கிட்டே போய் அடித்தேன். பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்து, “என்னா டீச்சர், பொங்கலா?” என்றார். பிறகு தட்டைக் கீழே வைத்துவிட்டுக் காலால் படியை ஓங்கி ஒரு மிதி மிதித்தேன். உடனே தலையைத் தூக்கினாள். பொன் நிறக் கண்ணால் என்னைப் பார்த்து வாலை ஆட்டினாள்.

வெடிக்கு அவள் எழுந்ததும் இப்படித்தான் என்று அப்போது புரிந்தது. தரை குலுங்கியது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. சத்தம் அல்ல. குட்டிகளுக்குக் காது கேட்கிறது என்று ராஜபாளையத்தில் விற்றவர் தட்டைத் தட்டிக் காட்டியபோது எல்லாக் குட்டிகளும் ஒன்றன் மேல் ஒன்றாகக் கிடந்தன என்று அவரே சொல்லியிருக்கிறார். மற்றவை எழுந்ததால் இவளும் எழுந்திருப்பாள். விற்றவரையும் குறை சொல்ல முடியாது. ஊரே சேர்ந்து ஒரு செவிட்டு நாய்க்கு மிடுக்கு என்று பட்டம் கட்டியிருக்கிறோம். செவிடன் காதில் ஊதின சங்கு என்று வகுப்பில் வாய்க்கு வாய் சொல்வேன். அந்தப் பழமொழியை அதற்குப் பிறகு நான் யாரிடமும் சொன்னதில்லை.

படியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை சம்பந்தி வருகிறார். பின் அறையில் சுண்ணாம்பு வாசனைகூடப் போகவில்லை. இதைப் போய் அவரிடம் நான்தான் சொல்ல வேண்டுமா? இந்த வீட்டில் இல்லை என்ற செய்தி எப்போதும் என் வழியாகத்தானா வர வேண்டும்? எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. அவள் என் மடியில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் நெற்றியில் சந்தனமும் கையில் பொரிகடலைப் பொட்டலமுமாக வந்தார். முகத்தில் அவ்வளவு களை.

“சங்கு கேட்டுச்சா? எப்புடி?”

“ஊருக்கே கேட்டுச்சு. ஒருத்திக்கு மட்டும் கேக்கல” என்றேன்.

முதலில் கோபப்பட்டார். உனக்கு நாய் என்றாலே ஆகாது என்றார். தூக்கத்தில் இருந்திருப்பாள் என்றார். பிறகு அவரே தட்டை வாங்கிக்கொண்டார். அவளைக் கயிற்றுக் கட்டிலில் ஏற்றிப் படுக்க வைத்தார், தரை ஆட்டம் எட்டாமல் இருக்க. பின்னால் நின்று அடித்தார். பேர் சொல்லிக் கூப்பிட்டார். மில்காரர் குரலில், ஊரே திரும்பிப் பார்க்கும்படி கூப்பிட்டார். அவள் கொட்டாவி விட்டாள். அவர் முன்னால் வந்து, ஒன்றும் சொல்லாமல் இரண்டு விரலை மடக்கினார். உடனே கட்டிலில் இருந்து குதித்து அவர் காலடியில் வந்து உட்கார்ந்தாள்.

“நான் வாயைத் தொறந்து ஒரு நாளாவது கூப்புட்டிருந்தா அன்னிக்கே தெரிஞ்சிருக்கும்” என்றார். பொரிகடலையை யாரும் பிரிக்கவில்லை.

விஜயதசமி விடுமுறை கழிந்த மறுநாள் அரியலூர் கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். சின்ன வயது டாக்டரம்மா. அவளை மேசை மேல் ஏற்றி, முகம் பார்க்காமல் பல விதமாகச் சத்தம் எழுப்பிப் பார்த்தார்.

“ரெண்டு காதுமே கேக்கலைங்க. சென்னையில மெஷின் வச்சு எடுத்தா எழுத்துல குடுப்பாங்க. ஆனா இவளுக்கு அது தேவையே இல்ல, நல்லாவே தெரியுது. பிறவியிலேயே அப்படித்தான் இருந்திருக்கும். வெள்ளை ரோமம், ரோஸ் மூக்கு, இதோட கூடவே வர்ற குறைதான் இது.”

வெள்ளை வேண்டும், இன்னும் வெள்ளை வேண்டும் என்று தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுத்தது மனிதர்கள். காதைப் பார்க்க மறந்ததும் அவர்கள்தான். அனுபவிக்கிறது இவள். அங்கேயே இதைச் சொல்லியும் விட்டேன். டாக்டரம்மா ஆமாம் என்று தலையாட்டினார்.

“குட்டி எல்லாத்துக்கும் வருமா?” என்று இவர் கேட்டார்.

“எல்லாத்துக்கும் வராதுங்க. ரெண்டு மூணு நல்லாவே பொறக்கலாம். ஆனா ஒரு காது மட்டும் போன குட்டி இருக்கும் பாருங்க, அது வெளியில தெரியவே தெரியாது. நல்ல குட்டின்னு வாங்கிட்டுப் போவாங்க. அது இன்னொரு வூட்ல இன்னும் நாலு செவிட்டுக் குட்டி போடும். இவளைச் சேர்க்காதீங்க. பருவம் முடிஞ்சதும் கூட்டிட்டு வாங்க, ஆபரேஷன் பண்ணிடலாம். மத்தபடி இவளுக்கு ஒரு குறையும் இல்ல. நல்லா இருப்பா.”

டாக்டர் அறை, மேசை, ஒரு குறையும் இல்லை என்கிற சமாதானம் எல்லாம் எங்களுக்குப் பழகியவைதான். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. திரும்பி வரும்போது லோடு ஆட்டோவில் பின்னால் அவளோடு உட்கார்ந்துகொண்டார். நான் டிரைவர் பக்கத்தில் இருந்து கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு சும்மா வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

வீட்டுக்கு வந்ததும் போனை எடுத்துப் பதிவு செய்த கிளப்புக்குப் பேசினார். இந்த எண் உள்ள நாய்க்குக் காது கேட்காது, இதில் இருந்து குட்டி வராது, குறித்துக்கொள்ளுங்கள் என்றார். ராஜபாளையத்துக்காரரிடமும் பேசினார். அவர் எரிந்து விழுந்தது எனக்கு அடுப்படி வரை கேட்டது. இவர் கடைசி வரை மரியாதையாகவே பேசினார். “அடுத்த ஈத்துல ஒவ்வொரு குட்டியா தனியா வச்சுப் பாருங்கண்ணே” என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். பிறகு பின் அறைக்குப் போனார். ரம்பச் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தேன். பிரசவப் பெட்டியின் ஒரு பக்கத்தை அறுத்து எடுத்துவிட்டு, உள்ளே பழைய மெத்தையைப் போட்டு அவளுக்குக் கட்டிலாக்கிக்கொண்டிருந்தார். நான் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன்.

சம்பந்தியிடம் இதைப் போனில் சொல்வது முறையில்லை, வரட்டும் நேரில் சொல்லலாம் என்றார். ஞாயிற்றுக்கிழமை காலை அவர் வந்தார். விளையாட்டுக்கு ஒரு தாம்பாளத்தில் வாழைப்பழமும் வெற்றிலை பாக்கும் பூவும் வைத்துக் கொண்டுவந்திருந்தார். நான் காபி போட உள்ளே போனேன். கூடத்தில் இவர் எல்லாவற்றையும் சொல்லி முடித்தார்.

“யாருக்குங்க தெரியப்போகுது? கப்பு வாங்கின பொட்டை. தாள் இருக்கு. எத்தனையோ பேர் சேர்க்கத்தான் செய்யுறாங்க” என்றார் சம்பந்தி.

“எனக்குத் தெரியுமேங்க.”

“சரி, நல்ல குட்டியை மட்டும் பதிவு பண்ணுவோம். செவிடு இருந்தா நம்மளே வச்சுக்குவோம்.”

“ஒத்தக் காது செவிடை எப்படிங்க கண்டுபுடிப்பீங்க? வேணாம் சம்பந்தி. உங்க பையனுக்கு வேற நல்ல எடம் பாருங்க. நானே வந்து அந்தக் குட்டிங்களுக்கு ஒண்ணொண்ணா காது பாத்துக் குடுக்குறேன்.”

சம்பந்தி பெருமூச்சு விட்டார். அவருக்கு எங்களைப் பற்றித் தெரியாது. பிள்ளைகள் வெளியூரில் படிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தார் போலிருக்கிறது. கெட்ட எண்ணத்தில் அவர் கேட்கவில்லை.

“அப்ப இதை என்னங்க பண்ணப்போறீங்க? குட்டியும் போடாது, காதும் கேக்காது. இதைப் போயி எதுக்கு வச்சுக்கிட்டு?”

நான் இரண்டு டம்ளரோடு அடுப்படி நிலைப்படியில் நின்றேன். இவர் எழுந்து மைக்செட் ஒயரைப் பார்க்கப் போக இங்கே பந்தல் இல்லை. என்ன சொல்வாரோ என்று காத்திருந்தேன்.

“எனக்கும் எம் பொண்டாட்டிக்கும் புள்ள இல்லீங்க” என்றார் அவர். அவருக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. தெருக்குழாயில் நின்ற பெண்கள் வரைக்கும் திரும்பிப் பார்த்தார்கள். “இருபது வருஷமா ஒரே வூட்லதான் இருக்கோம். இவளை எதுக்கு வச்சுக்கிட்டுன்னு எனக்கு ஒரு நாளும் தோணுனதில்லீங்க. புள்ள இருந்தாலும் இல்லாட்டியும் எனக்கு இவதான். நாயிக்கு மட்டும் வேற கணக்கு எப்படிங்க போடுவேன்?”

சம்பந்தி எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டது தெரிந்தது. பெட்டை எதையும் கேட்காமல் அவர் காலடியில் படுத்திருந்தாள்.

இருபது வருடத்தில் அவர் என்னிடம் இதைச் சொன்னதில்லை. அன்றும் என்னிடம் சொல்லவில்லை, பெரம்பலூர்க்காரரிடம்தான் சொன்னார். காபி ஆறிவிட்டது. திரும்ப அடுப்பில் வைத்துவிட்டு, அது சூடாவதற்குள் கொல்லைக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன்.